அம்மாவையும் பையனையும் கூட்டிட்டு 14 நாள் தென்னாப்பிரிக்கா: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி மேப்ப பாருங்க தம்பி

கும்பகோணத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு, "அண்ணா, நான், வைஃப், ஒன்பது வயசு பையன், 63 வயசு அம்மா, நாலு பேரு, மே மாசம் 14 நாள், மொத்தம் ஆறரை லட்சம் வச்சிருக்கோம், ஜோஹன்னஸ்பர்க், க்ரூகர், விக்டோரியா ஃபால்ஸ், டர்பன், கார்டன் ரூட், கேப் டவுன் எல்லாம் பாத்துட்டு திரும்பி வர்றப்ப மொரிஷியஸ்ல மூணு நாள் இருந்துட்டு வரலாமா, எந்த ஃப்ளைட் சீப்பு"ன்னு. நான் டர்பன்ல பதினாலு வருஷமா இருக்கேன், சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கம். ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ்னு யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்க, அவங்களுக்கு பிளான் போட்டுக் குடுத்துக் குடுத்து பழகினதுல சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். எந்த ஃப்ளைட் சீப்புன்னு கேக்குறதுக்கு முன்னாடி எந்த ஊர்ல இறங்கி எந்த ஊர்ல ஏறுறதுன்னு முடிவு பண்ணுங்க, ஏன்னா பணம் கரையிறது டிக்கெட்டுல இல்ல, ரூட்டுல. நீங்க போட்ட லிஸ்ட்ட மேப்ல வச்சு பாத்தீங்கன்னா தெரியும், ஜோஹன்னஸ்பர்க்லேர்ந்து கேப் டவுன் 1,400 கிலோமீட்டர், டர்பன்லேர்ந்து கேப் டவுன் 1,600க்கு மேல, கன்னியாகுமரிலேர்ந்து மும்பை போற மாதிரி. நீங்க சொன்ன அத்தனை ஊரையும் 14 நாள்ல அடைச்சா ஆறு ஏழு தடவை ஃப்ளைட் ஏறணும், ஒவ்வொரு தடவையும் நாலு டிக்கெட், நாலு பேக், ஏர்போர்ட்டுக்குப் போக ஒரு வண்டி, அப்புறம் அரை நாள் போச்சு. அம்மா மூணாவது நாளே களைச்சுப் போயிடுவாங்க.

அதனால வெட்டுறத முதல்ல வெட்டிடுவோம். விக்டோரியா ஃபால்ஸ் தென்னாப்பிரிக்காவுலயே இல்ல, ஜிம்பாப்வே ஜாம்பியா எல்லையில இருக்கு, அதுக்கு தனி விசா, தனி ஃப்ளைட், அதோட திரும்ப தென்னாப்பிரிக்கா உள்ள வரணும்னா உங்க விசா ஒரு தடவை நுழைவுக்கு மட்டும்னு குடுத்திருந்தா மாட்டிக்குவீங்க. மொரிஷியஸ் நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா எடுக்காமலே டூரிஸ்ட்டா போகலாம்கிறதால எல்லாரும் கடைசில ஒட்ட வைக்க பாக்குறாங்க, ஆனா ஃப்ளைட்டையும் ரூமையும் சேத்தா உங்க பட்ஜெட்ல கால்வாசி போயிடும், அத இன்னொரு வருஷம் தனிப் பயணமா வச்சுக்கங்க. கார்டன் ரூட் கடலோரமா கார்லயே போற நீண்ட ரோடு, அழகுதான், ஆனா டிரைவர் நீங்க ஒரே ஆளு, வேணாம். மிருகம் பாக்குற க்ரூகர் காட்ட விடச் சொல்றதுதான் உங்களுக்கு கஷ்டமா இருக்கும், அதுக்கு ஏன்னு கீழ சொல்றேன்.

மிச்சம் இருக்கிறது டர்பன், அதுக்கு வடக்க ஜூலு நாட்டுப் பக்கம் காடு, மேக்க ட்ராக்கன்ஸ்பெர்க் மலை, கடைசியில கேப் டவுன். சென்னையிலேர்ந்து வந்து டர்பன்ல இறங்குங்க, கேப் டவுன்லேர்ந்து திரும்ப ஏறுங்க. டிக்கெட் தேடுறப்ப ரவுண்ட் டிரிப்னு அமுக்காம மல்ட்டி சிட்டின்னு போட்டு சென்னை டு டர்பன், கேப் டவுன் டு சென்னைன்னு ஒரே டிக்கெட்டா தேடணும். இந்தியாவுலேர்ந்து இங்க நேரடி ஃப்ளைட் கிடையாது, எங்கயாவது மாறித்தான் ஆகணும். எமிரேட்ஸ் சென்னையிலேர்ந்து துபாய் வந்து அங்கேர்ந்து ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன், டர்பன் மூணு ஊருக்குமே பறக்குது, தோஹா வழியா கத்தாரும் அப்படித்தான். சென்னை துபாய் நாலு மணி நேரம், துபாய் டர்பன் எட்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட குறைய. இப்படி உள்ள ஒரு ஊரு வெளிய ஒரு ஊருன்னு போடுறது ரவுண்ட் டிரிப்ப விட ஆளுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் கூடக் காட்டலாம், ஆனா நீங்க டர்பனுக்கு திரும்பி வர்ற உள்நாட்டு ஃப்ளைட் நாலு டிக்கெட்டும் ஒரு முழு நாளும் மிச்சம்.

இதவிட சீப்பா அடிஸ் அபாபா வழியா ஒரு ரூட் கண்ணுல படும், நைரோபி வழியாவும் வரும். சின்னப் பசங்க மட்டும் போறதா இருந்தா நானே அத எடுங்கன்னு சொல்லுவேன். உங்க விஷயத்துல வேணாம்கிறேன், காரணம் மஞ்சள் காய்ச்சல். எத்தியோப்பியா, கென்யா ரெண்டும் மஞ்சள் காய்ச்சல் லிஸ்ட்ல இருக்கிற நாடுங்க, அங்க 12 மணி நேரத்துக்கு மேல டிரான்சிட்ல இருந்தா தென்னாப்பிரிக்காவுல ஊசி போட்ட சர்டிஃபிகேட் கேப்பாங்க, ஏர்போர்ட்ட விட்டு வெளிய வந்துட்டு ஊர் திரும்பினா இந்தியாவுலயும் கேப்பாங்க. சும்மா ஊசிதான, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்டுக்கலாம், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும்னு நினைப்பீங்க, உண்மைதான், ஆனா 60 வயசுக்கு மேல முதல் தடவையா அந்த ஊசி போடுறவங்களுக்கு பக்க விளைவு ரிஸ்க் ஜாஸ்தி, டாக்டருங்களே யோசிச்சுத்தான் போடுவாங்க. கனெக்‌ஷன் மூணு மணி நேரம்னு டிக்கெட்ல இருக்கும், ஃப்ளைட் தவறி ராத்திரி தங்க வேண்டி வந்தா அந்த 12 மணி நேரம் தாண்டிடும். ஆளுக்கு எட்டாயிரம் மிச்சம் பிடிக்க அம்மாவ அந்த நிலைமையில நிறுத்த வேணாம் தம்பி.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு தனித்தனி டிக்கெட்டா சேக்காதீங்க. எங்க அக்கா குடும்பம் அப்படித்தான் வந்தாங்க, ஊர்ல ஒருத்தர் திருச்சிலேர்ந்து வளைகுடா ஊர் ஒண்ணுக்கு ஒரு கம்பெனி டிக்கெட், அங்கேர்ந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேற கம்பெனி டிக்கெட்னு போட்டுக் குடுத்துட்டாரு, மொத்தத்துல நாப்பதாயிரம் மிச்சம்னு அக்காவும் சந்தோஷப்பட்டுச்சு. முதல் ஃப்ளைட் நாலு மணி நேரம் லேட்டு. ரெண்டாவது கம்பெனிக்காரன் நீங்க வரல, டிக்கெட் போச்சுன்னுட்டான், முதல் கம்பெனிக்காரன் உன்ன இந்த ஊர்ல இறக்கி விடுறதோட என் வேலை முடிஞ்சுதுன்னான், பேக் எடுக்க வெளிய போகணும்னா அந்த நாட்டு விசா வேணும். ராத்திரி முழுக்க தரையில உக்காந்துட்டு காலையில நாலு புது டிக்கெட் எடுத்தாங்க, மிச்சம் பண்ணத போல ரெண்டு மடங்கு போச்சு. ஒரே டிக்கெட்ல, ஒரே புக்கிங் நம்பர்ல இருந்தா முதல் ஃப்ளைட் லேட்டானா அடுத்ததுல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு. நாலு பேர் குடும்பத்துக்கு அந்தப் பொறுப்புக்குக் குடுக்குற காசு வீண் இல்ல.

மே மாசம்னு எடுத்தது ரொம்ப நல்ல முடிவு, ஆனா மே 5க்கு அப்புறம் வாங்க. ஈஸ்டர் லீவு முடிஞ்சிருக்கும், ஏப்ரல் 27 சுதந்திர தினம், மே 1 தொழிலாளர் தினம் ரெண்டையும் சேத்து இங்க ஜனங்க நீண்ட லீவு போட்டு கிளம்புவாங்க, அது ஓய்ஞ்சதும் ரூம் வாடகை சட்டுனு இறங்கும். புல்லு காய ஆரம்பிக்கிறதால காட்டுல மிருகம் நல்லா தெரியும், டர்பன்ல வெயிலும் இல்ல குளிரும் இல்ல. டிசம்பர்ல வந்தா இதே ரூமுக்கு ரெண்டு மடங்கு குடுத்தும் கிடைக்காது. விசா கைக்கு வர்ற வரைக்கும் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீங்க, மார்ச் ஆரம்பத்துலயே அப்ளை பண்ணிடுங்க, பையனோட பர்த் சர்டிஃபிகேட்ட பயணத்துலயும் கையில வச்சுக்கங்க.

இப்ப காடு. க்ரூகர் ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர், பெரிய காடுதான், யாரும் மறுக்கல. ஆனா அங்க போகணும்னா ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போய் ரெண்டு நாள் ரோட்டுலயே கழிக்கணும், வெளிநாட்டுக்காரங்களுக்கு நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு ராண்டுக்கு மேல (ஒரு ராண்ட் நம்ம காசுக்கு சுமார் அஞ்சு ரூபா), மலேரியா ரிஸ்க்கும் அங்க கூட. டர்பன்லேர்ந்து வடக்க ஒரு மூணு மணி நேரத்துல ஷ்லூஷ்லூவே இம்ஃபோலோசிங்கிற காடு இருக்கு. 1895ல காப்புக்காடா அறிவிச்சது, ஆப்பிரிக்காவுலயே ரொம்பப் பழசுல ஒண்ணு. யானை, சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, காண்டாமிருகம் அஞ்சும் இருக்கு. தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் ஒரு காலத்துல உலகத்துலயே நூறுக்கும் குறைவா இந்தப் பக்கத்துல மட்டும்தான் மிஞ்சியிருந்துச்சு, இங்க வச்சு காப்பாத்தி 1960கள்ல லாரியில ஏத்தி மத்த காடுகளுக்கு அனுப்பினாங்க, இன்னைக்கு க்ரூகர்ல பாக்குறதும் அந்த வம்சம்தான். எங்கப்பா வந்திருந்தப்ப காலையில ஆறு மணிக்கு கேட்டு திறந்ததும் உள்ள போனோம், ஒரு வளைவுல தாயும் குட்டியுமா ரோட்டுல நின்னுச்சு, இன்ஜின நிறுத்திட்டு இருபது நிமிஷம் உக்காந்திருந்தோம். அப்பா அன்னைக்கு ராத்திரி வரைக்கும் அதப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாரு.

ஏஜென்ட் மூலமா டர்பன்லேர்ந்து ஒரு நாள் சஃபாரி போனா ஆளுக்கு ரெண்டாயிரம் ராண்டுக்கு கம்மியா கிடைக்கிறது கஷ்டம், நாலு பேருக்கு எட்டாயிரம், அதுல ஆறு மணி நேரம் ரோட்டுல போயிடும். அதே எட்டாயிரத்துக்கு எட்டு நாளைக்கு சின்ன கார் வாடகை, பெட்ரோல், டோல் எல்லாம் கிட்டத்தட்ட முடிஞ்சிடும். காட்டுக்குள்ள மெயின் ரோடு தார் ரோடு, சாதா கார் போதும், 40 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போகக்கூடாது, எந்தக் காரணத்துக்கும் கார விட்டு இறங்கக்கூடாது. வண்டி நம்ம ஊரு மாதிரியே இடது பக்கம்தான். லைசன்ஸ் கார்டு இங்கிலீஷ்ல இருக்கிறதால செல்லும், இருந்தாலும் இன்டர்நேஷனல் பர்மிட் ஒண்ணு ஆர்டிஓ ஆபீஸ்ல வாங்கிட்டு வாங்க. கார் எடுக்க ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு வேணும், டெபாசிட்ட அதுல பிடிச்சு வைப்பாங்க, டெபிட் கார்ட நீட்டினா பெரும்பாலும் வண்டி கிடைக்காது. டர்பன் கிங் ஷாகா ஏர்போர்ட்ல எடுத்து அங்கயே திருப்பி விடுங்க, வேற ஊர்ல விட்டா தனி சார்ஜ்.

தங்குறதுக்கு காட்டுக்குள்ளயே எஸெம்வேலோங்கிற மாகாண வனத்துறை கேம்ப் நடத்துறாங்க, ஹில்டாப், ம்பிலா ரெண்டும் முக்கியமானது, சமையல் வசதியோட குடில் கிடைக்கும், நாலு பேருக்கு ஹோட்டல விட சல்லிசு, மூணு மாசம் முன்னாடியே போட்டுடுங்க. ம்பிலாவுக்கு வேலி கிடையாது, ராத்திரி கழுதைப்புலி குடில் பக்கம் வந்து போகும், பையன் இருக்கிறதால ஹில்டாப்தான் என் சிபாரிசு. ரெண்டு நாள் நீங்களே ஓட்டிப் பாருங்க, ஒரே ஒரு காலைக்கு மட்டும் காசு குடுத்து வனத்துறையோட திறந்த வண்டியில மிருகம் பாக்குற கேம் டிரைவ் போங்க, வழிகாட்டிக் கண்ணு வேற. அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பக்கத்துல இருக்கிற செயின்ட் லூசியா ஊர்ல தங்கி படகுல போய் நீர்யானையும் முதலையும் பாருங்க, ரெண்டு மணி நேரம், அம்மாவுக்கு நடக்குற வேலையே இல்ல. அந்த ஊர்ல பொழுது சாஞ்சா நீர்யானை தெருவுலயே மேய வரும், சாப்பிடப் போனாலும் கார்லயே போங்க. மலேரியா இந்தப் பக்கம் கம்மிதான், ஆனாலும் வர்றதுக்கு முன்னாடி டாக்டர ஒரு வார்த்த கேளுங்க.

டர்பனுக்கு ரெண்டு முழு நாள் குடுங்க, எல்லாரும் ஒரு ராத்திரியோட ஓடிடுறாங்க, எனக்கு அது மனசு கேக்கல. 1860 நவம்பர் 16 அன்னைக்கு மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோங்கிற கப்பல் 342 பேரோட இங்க வந்து சேந்துச்சு, 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலியா வந்தாங்க, அதுல மெட்ராஸ்ல கப்பல் ஏறினவங்கதான் பெரும்பங்கு. ஏர்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள வர்ற வழியில மவுன்ட் எஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் இருக்கு, அந்தக் காலத்து கரும்புத் தோட்டத்து ஜனங்க கட்டினது, அம்மாவ கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. நாலாவது அஞ்சாவது தலைமுறைக்கு பேச்சு இங்கிலீஷ் ஆயிடுச்சு, ஆனா பாட்டிய இன்னும் ஆயான்னுதான் கூப்பிடுறாங்க, கோயில்ல தேவாரம் பாடுறாங்க, அர்த்தம் தெரியாம எழுத்துக்கூட்டி பாடுற பெரியவங்கள பாத்து எங்கம்மா கண்ணு கலங்கிட்டாங்க. டர்பனுக்குள்ளயே சாட்ஸ்வொர்த்ல வெள்ளி சனி கூடுற பங்களாதேஷ் மார்க்கெட்ல முருங்கைக்காய் கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும், அங்க அரிசி பருப்பு சாம்பார் பொடி வாங்கிக்கிட்டா காட்டுலயும் மலையிலயும் நாலு நாள் சாப்பாட்டுச் செலவு இல்ல, அதனால ஊர்லேர்ந்து மூட்டை கட்டிட்டு வராதீங்க. ரொட்டிய குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்திக் குடுக்குற பனி சௌ ஒரு நாள் சாப்பிடுங்க, மட்டன்ல கால் ரொட்டி சொன்னா போதும், அம்மா சைவம்னா பீன்ஸ் பனி கேளுங்க. கடற்கரை நடை, விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் எல்லாம் காசு இல்லாத சுத்தல்.

ட்ராக்கன்ஸ்பெர்க்குக்கு ரெண்டு ராத்திரி. போற வழியிலயே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன், 1893ல காந்திய ரயில்லேர்ந்து இறக்கி விட்ட இடம், அப்புறம் ஹோவிக் அருவி, பக்கத்துல 1962ல மண்டேலாவ பிடிச்ச இடம், மூணும் ஒரே ரோட்டுல வந்துடும், தனி டூர் எதுக்கு. சானி பாஸ் ஜீப் டூர்னு ஹோட்டல்ல கேப்பாங்க, மேல போனா லெசோத்தோ நாடு, நமக்கு தனி விசா, வேணாம். மே மாசம் ராத்திரி நல்ல குளிரு, ஸ்வெட்டர் எடுத்துக்கங்க.

டர்பன்லேர்ந்து கேப் டவுன் ரெண்டு மணி நேர ஃப்ளைட், ஃப்ளைசஃபேர் மாதிரி உள்நாட்டு கம்பெனிங்க, ரெண்டு மாசம் முன்னாடி போட்டா ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ராண்டுக்குள்ள பாக்கலாம். காட்டுற சீப்பு விலையில செக்கின் பேக் இருக்காது, புக் பண்றப்பவே சேத்துடுங்க, ஏர்போர்ட்ல போய் சேத்தா கூட. உங்க பேக் ஒண்ணொண்ணும் 20 கிலோவுக்குள்ள இருந்தா எல்லா இடத்துலயும் நிம்மதி. இது தனி டிக்கெட்தான், அதனால ஊருக்குக் கிளம்புறதுக்கு நாலு நாள் முன்னாடியே கேப் டவுன் போயிடுறோம், இந்த ஃப்ளைட் தவறினாலும் பெரிய ஃப்ளைட் தவறாது.

கேப் டவுன்ல எத முன்னாடியே போடணும், எத போடக்கூடாதுங்கிறதுதான் விஷயம். மண்டேலா ஜெயில்ல இருந்த ராபன் தீவு முன்னாடியே போடுங்க, சீட் தீந்துடும், நாலு மணி நேரம் ஆகும், கடல் மோசமா இருந்தா படகு ரத்தாகும், அதனால முதல் ரெண்டு நாள்ல வைங்க. டேபிள் மலை கேபிள் கார முன்னாடியே தேதி வச்சு முடிவு பண்ணாதீங்க, காத்து அடிச்சா நிறுத்திடுவாங்க, மே மாசம் மழையும் ஆரம்பிக்கும், காலையில எழுந்து மலை உச்சி தெளிவா தெரியிற முதல் நாள் மத்த எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு அங்க போங்க. ஒரு நாளைக்கு மட்டும் கார் எடுத்து சைமன்ஸ் டவுன் பெங்குவின், கேப் பாயின்ட், மிச்ச நாளைக்கு ஊபர் போதும். திமிங்கலம் பாக்க கூட்டிட்டுப் போறேன்னு மே மாசம் யாராவது சொன்னா காசு குடுக்காதீங்க, ஜூன்லேர்ந்துதான் சீசன்.

கணக்கு சுமாரா இப்படி வருது, பெரிய ஃப்ளைட் நாலு பேருக்கு ரெண்டே முக்கால்லேர்ந்து மூணு லட்சம், உள்நாட்டு ஃப்ளைட் முப்பதாயிரம், டர்பன் பக்கம் கார் பெட்ரோல் நாப்பது, தங்குறது 12 ராத்திரிக்கு தொண்ணூறு, நுழைவு படகு கேபிள் கார் எல்லாம் ஐம்பது, சாப்பாடு நாப்பத்தஞ்சு, விசா இன்ஷூரன்ஸ் நாப்பது. ஆறு லட்சத்துக்குள்ள முடியும், மிச்ச ஐம்பதாயிரத்த தொடாம கார்டுல வச்சிருங்க. அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்குறப்ப சுகர் பிரஷர் இருந்தா மறைக்காம எழுதுங்க, இங்க பிரைவேட் ஆஸ்பத்திரியில அட்மிஷனுக்கே முன்பணம் கேப்பாங்க.

பாதுகாப்பு பத்தி பயமுறுத்தவும் மாட்டேன், ஒண்ணுமில்லன்னும் சொல்ல மாட்டேன். மே மாசம் டர்பன்ல அஞ்சே காலுக்கெல்லாம் பொழுது சாஞ்சிடும், அதுக்கு முன்னாடி போய்ச் சேர்ற மாதிரி கிளம்புங்க, ராத்திரி ஹைவேல ஓட்டவே வேணாம், வடக்க மாடு ரோட்டுல படுத்திருக்கும். சிக்னல்ல (இங்க ரோபோன்னு சொல்லுவாங்க, யாராவது ரெண்டாவது ரோபோவுல திரும்புன்னா குழம்பாதீங்க) நிக்குறப்ப கண்ணாடிய ஏத்தி வைங்க, ஃபோன கையில வச்சுக்காதீங்க, பேக் எல்லாம் டிக்கில. முதல் நாள் சாயங்காலம் ஃப்ளைட் இறங்குறதால அன்னைக்கு கார் எடுக்காதீங்க, ஏர்போர்ட் பக்கமே தூங்கிட்டு காலையில எடுங்க.

ஒரு வேளை டர்பன் டிக்கெட் விலை ரொம்ப ஏறி ஜோஹன்னஸ்பர்க் வழியாத்தான் வரணும்னு ஆச்சுன்னா அங்க ஒரு பகல் மட்டும் வச்சுக்கங்க. பிராம்ஃபோன்டைன் கல்லறையில தில்லையாடி வள்ளியம்மை இருக்காங்க, காந்தியோட சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போய், அங்கேர்ந்து காய்ச்சலோட வெளிய வந்து 1914 பிப்ரவரி 22ல செத்துப்போன பதினாறு வயசுப் பொண்ணு. தில்லையாடி எங்க ஊர்லேர்ந்து கொஞ்ச தூரம்தான், நான் முதல் தடவை போனப்ப அங்கேர்ந்து ஒரு பிடி மண்ணு கொண்டு வந்திருக்கலாமேன்னு தோணுச்சு. அங்கேர்ந்து டர்பனுக்கு உள்நாட்டு ஃப்ளைட் போடுறப்ப ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட்தானான்னு பாத்துக்கங்க, லான்சேரியான்னு இன்னொண்ணு ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கு, சீப்பா காட்டுதேன்னு அத எடுத்துடாதீங்க. தேதி முடிவானதும் எழுதுங்க தம்பி, ஹில்டாப் குடில் காலியா இருக்கான்னு நான் இங்கேர்ந்து பாத்துச் சொல்றேன்.